வகுப்பில் படிக்கும் நெறிமுறை வார்டில் நிற்கவில்லை: நர்சிங் மாணவிகளை எப்படித் தயார்ப்படுத்துகிறீர்கள்?

கேள்வி: டெல்டா டியூட்டர்

வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் நான்காம் செமஸ்டரில் வரும் தொழில் நெறிமுறைப் பாடத்தை இந்த ஆண்டு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றியபோது இதைத் தனிப் பாடமாகவே சேர்த்தார்கள். மொத்தம் 20 மணி நேரம். நோயாளியின் உரிமை, ஒப்புதல் வாங்குவது, ரகசியம் காப்பது, சர்வதேச நர்சுகள் கவுன்சிலின் நெறித்தொகுப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

பாடம் நடத்துவதில் சிரமமில்லை. பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். நோயாளியின் முடிவை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பது என்ற நான்கையும் உதாரணத்தோடு எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சிக்கல் வார்டுக்குப் போனதும் ஆரம்பிக்கிறது.

சென்ற மாதம் ஆண்கள் மெடிசின் வார்டில் ஈவினிங் போஸ்டிங். கட்டிலில் இடமில்லாமல் தரையிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாது. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்தான். அவர் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "ஏழு மணி பி.பி., பல்ஸ் எல்லாம் சார்ட்ல போட்டுரு பாப்பா" என்றிருக்கிறார். "எடுத்துட்டுப் போடவா சிஸ்டர்?" என்று இவள் கேட்க, "எடுக்க எங்க நேரம்? காலையில இருக்கிறதப் பாத்து ஒண்ணு ரெண்டு மாத்திப் போடு" என்று பதில். அவள் எழுதிவிட்டாள். மறுநாள் வகுப்பில் எழுந்து, "மேடம், நேத்து நான் எழுதினதுக்கு நாலு கொள்கையில எதுல மார்க் போடுவீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

இன்னொரு மாணவி பெண்கள் வார்டில் இருந்தாள். நினைவு தடுமாறிப்போன பாட்டி ஒருவருக்கு மூக்கில் டியூப் போட்டிருந்தார்கள். அதைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கைகளையும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். மணிக்கட்டில் தோல் சிவந்து தடித்திருந்தது. கொஞ்சம் தளர்த்தட்டுமா என்று இவள் கேட்டதற்கு, "நீ டியூட்டி முடிஞ்சு பஸ் ஏறிடுவ. ராத்திரி டியூப்பப் பிடுங்கினா நான்தான பதில் சொல்லணும்?" என்று அங்கிருந்த ஸ்டாஃப் நர்ஸ் சத்தம் போட்டிருக்கிறார். அந்தப் பெண் இப்போது ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லை. பி.காம். சேர்ந்துகொள்கிறேன் என்று வீட்டுக்குப் போன் செய்திருக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். அதைவிட, நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற பெண். அவளை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகத்திடம் சொன்னேன். நர்ஸ் தினத்தை ஒட்டி ஒரு யோகா வகுப்பும் தன்னம்பிக்கைப் பேச்சும் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். யோகாவில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பாட்டியின் கைக்கட்டுக்கு அது பதில் ஆகாதே.

வார்டில் நின்று பிள்ளைகளைப் பழக்கியவர்கள் சொல்லுங்கள். மனம் உடையாமலும், அதே சமயம் மரத்துப்போகாமலும் அவர்களை எப்படிக் கொண்டுவருவது?


பதில்: மதுரை வார்டு சிஸ்டர் (ஓய்வு)

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்சாகச் சேர்ந்து நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். சர்வீசில் பெரும்பகுதி மெடிசின் வார்டும் ஐ.எம்.சி.யூ. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவும்தான். நீங்கள் எழுதிய இரண்டு காட்சியும் எனக்குப் பழகியவை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஸ்டாஃபைப் பற்றி மாணவிகள் முன்னால் கெட்டவராகப் பேசிவிடாதீர்கள். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது கவுன்சில் சொல்கிற கணக்கு. அவர் ஒற்றை ஆளாக அறுபது பேரைப் பார்க்கிறார். மருந்து கொடுக்க வேண்டும், புது அட்மிஷன் எழுத வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும், நோயாளியோடு வந்து சண்டைக்கு நிற்கிற அட்டெண்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவரை வில்லியாக்கினால் உங்கள் பிள்ளைகள், "நான் நல்லவள், அவர் கெட்டவர்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாளைக்கு அதே நாற்காலியில் உட்காரும்போது அவர் செய்ததையே இவர்களும் செய்வார்கள். இந்த வேலைப்பளு எப்படி ஒரு நல்ல நர்சை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

அதற்காகப் பொய் எண்ணை எழுதலாம் என்று சொல்ல வரவில்லை. அது ஏன் கூடாது என்பதை நெறிமுறைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டெங்குவை வைத்துச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். மேல் பிரஷர் உடனே விழாது. கீழ் பிரஷர் ஏறும். 100/80 என்று வந்தால் பழகாத கண்ணுக்கு நார்மல் மாதிரித் தெரியும். இரண்டுக்கும் நடுவில் 20 தான் இருக்கிறது, அதுவே ஷாக்கின், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவதன், அடையாளம். இப்போது யோசித்துப் பாருங்கள். காலையில் 110/70. சாயங்காலம் உண்மையில் 100/80 ஆகிவிட்டது. சார்டில் உங்கள் மாணவி 108/70 என்று எழுதிவைத்திருக்கிறாள். ராத்திரி டியூட்டி டாக்டர் சார்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால், "ஏன் எடுக்கலை?" என்று திட்டிவிட்டாவது எடுக்கச் சொல்லியிருப்பார். இதைக் கரும்பலகையில் மூன்று எண்ணாக எழுதிக் காட்டினால் போதும், தீங்கு செய்யாமை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் வார்டில் நான் வைத்திருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். எல்லோருக்கும் எடுக்க ஆளில்லை என்றால் யாருக்கு விடவே கூடாது என்று முதலில் பிரித்துவிடுவோம். காய்ச்சல் கேஸ், ரத்தம் ஏறுகிறவர், மூச்சுத்திணறல், பிரஷர் மருந்து மாற்றியவர், அன்றைக்கு வந்த புது அட்மிஷன். இவர்களுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு எடுக்க முடியாமல் போனால் கட்டம் காலியாக இருக்கும். அடுத்த ஷிஃப்ட் நர்சிடம் வார்டை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது, "இத்தனை பேருக்கு எடுக்கலை, நீ முதல்ல இவங்களப் பாரு" என்று வாயால் சொல்ல வேண்டும். காலிக் கட்டத்துக்காக மேலிடத்தில் எனக்கு மெமோ வந்ததுண்டு. அந்த மெமோவுக்குப் பதிலாக எங்கள் வார்டின் நோயாளி எண்ணிக்கையையும் டியூட்டி ரோஸ்டரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். ஆள் கேட்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது. பொய்யாக நிரப்பிய சார்ட், "இந்த வார்டுக்கு ஒரு நர்ஸ் போதும்" என்றுதான் மேலே சொல்லும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மாணவிகளை அனுப்பிவிட்டு, வார்டில் கற்றுக்கொடுக்க வேண்டிய சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்) டியூட்டி ரூமில் உட்கார்ந்து கேஸ் புக் திருத்துகிற கல்லூரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போஸ்டிங் ஆரம்பிக்கும் அன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், "ஏழு மணி வைட்டல்ஸ், அதாவது பி.பி., பல்ஸ் எல்லாம், எங்கள் பிள்ளைகள் பொறுப்பு, நானும் கூட நிற்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆறேழு பேர் இருந்தால் பிரித்துக்கொண்டு முடித்துவிடலாம். கல்லூரி பி.பி. கருவி இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள். வார்டில் இருப்பதில் கஃப் கிழிந்திருக்கும், காற்று நிற்காது. அந்த ஸ்டாஃபுக்கு நீங்கள் பாரமாக இல்லாமல் உதவியாகத் தெரிந்தால், பாட்டி விஷயத்தில் உங்கள் பேச்சும் எடுபடும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். "கட்டாதே" என்று மட்டும் சொன்னால் அந்த ஸ்டாஃப் கேட்டது நியாயமான கேள்வியாகவே நிற்கும். மாணவியின் கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். வயதானவர் திடீரென்று பிதற்றினால் முதலில் ஏன் என்று தேட வேண்டும். சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், மூத்திரம் கட்டியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம், எங்கோ வலிக்கலாம், சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கண்ணாடியையும் பல் செட்டையும் பைக்குள் வைத்துவிட்டு, "கிழவி யாரையும் அடையாளம் தெரியலங்குது" என்பார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டினாலே பாதி அமைதியாகிவிடுவார். மகளோ மருமகளோ இருந்தால் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். பஞ்சு வைத்துச் சுற்றிக் கையுறை மாதிரிக் கட்டிவிட்டால் டியூப்பைப் பிடிக்க விரல் வராது, மணிக்கட்டும் புண்ணாகாது. வேறு வழியே இல்லாமல் கட்ட வேண்டி வந்தால் டாக்டர் எழுதியிருக்க வேண்டும், கட்டிய நேரம் எழுத வேண்டும், கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கையை அசைத்துவிட்டுத் தோலைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் ஸ்டாஃபிடம், "சிஸ்டர், நான் டியூட்டியில இருக்கிற வரைக்கும் பாட்டி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறேன், அவுத்து விடட்டுமா?" என்று கேட்டிருந்தால் பெரும்பாலும் சரி என்றிருப்பார். இது அந்தப் பெண்ணின் தவறு என்று சொல்லவில்லை. அப்படிக் கேட்க யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

பேசப் பழக்குவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். "தைரியமாகப் பேசு" என்று நூறு தடவை சொன்னாலும் வாய் வராது. வசனமாகவே பழக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் குழுக்களுக்கான பயிற்சியில் மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கவலையாக இருக்கிறது என்பது, அடுத்து இது எனக்குச் சரியாகப் படவில்லை என்பது, அதற்கும் கேட்காவிட்டால் இது நோயாளிக்கு ஆபத்து என்பது. நான் இதை நம் பேச்சுக்கு மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். "சிஸ்டர், எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு." "சிஸ்டர், இப்படியே விட மனசு ஒப்பலை." "சிஸ்டர், இது பேஷண்டுக்கு ஆபத்து, ஒரு நிமிஷம் வந்து பாத்துடுங்க." மரியாதை குறையாது, விஷயமும் போய்ச் சேரும். நீங்களே எரிச்சலான ஸ்டாஃபாகவும், தூக்கம் கலைந்த டியூட்டி டாக்டராகவும் நடித்துக் கத்துங்கள். பிள்ளைகள் எதிரில் நின்று சொல்லட்டும். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குரல் நடுங்கும், பிறகு நிற்கும். தமிழிலேயே பழக்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் இங்கிலீஷில் வராது.


பதில்: ஐ.சி.யூ. பிரதர், கோவை

சிஸ்டர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

மனத்திடம் என்ற பேச்சு எங்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 12 மணி நேர ஷிஃப்ட். நைட் ஆள் வராவிட்டால் அப்படியே டபுள் டியூட்டி. யாராவது அழுதால் எச்.ஆர். கூப்பிட்டு, "ஸ்ட்ரெஸ் மேனேஜ்மெண்ட் கிளாஸ் வைக்கிறோம்" என்பார்கள். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதன் கீழே வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிற நண்பர்கள் எனக்கு இன்றைக்கும் இருக்கிறார்கள். மேடம், உங்கள் 20 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள். வேலை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, அசல் சான்றிதழை ஏன் கொடுக்கக் கூடாது, வார்டில் நடந்த தவறைப் பற்றி இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதினால் ஏன் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத நர்ஸ் நோயாளிக்காகக் குரல் கொடுப்பது கஷ்டம்.

இன்னொன்று, பிள்ளைகள் கட்டாயம் சந்திக்கப் போவது. எங்கள் ஊரில் கேன்சர் என்றால் வீட்டார் ரிப்போர்ட்டை மறைத்துவிடுவார்கள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க பிரதர், மனசு விட்டுடுவார்" என்று மகன் கையைப் பிடிப்பான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போய்விடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு என்ன வியாதி? மறைக்காமச் சொல்லு" என்று கேட்பார். புத்தகத்தின்படி நோயாளியின் உரிமை. வீட்டாருக்கு அவர் அப்பா. டாக்டர் சொல்லாததை நான் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் நா எழாது.

நான் செய்வது இதுதான். லைட்டைக் குறைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். "உங்களுக்கு என்ன தெரியும்னு முதல்ல சொல்லுங்கய்யா" என்று கேட்பேன். பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒருவர், "கட்டி வெளிய எடுத்தாச்சுன்னு சொல்றானுங்க, ஆனா என் பொண்ணு துபாயிலேர்ந்து வந்து நிக்கிறாளே" என்றார். "டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்க? நாளைக்கு ரவுண்ட்ஸ்ல நான் பக்கத்துல நிக்கிறேன், நீங்களே கேளுங்க" என்று சொல்வேன். அதை நர்சஸ் நோட்ஸில் அவர் வார்த்தையிலேயே எழுதிவைப்பேன். "தன் நோய் பற்றி அறிய விரும்புவதாக நோயாளி கூறினார்" என்று நேரத்தோடு எழுத்தில் இருந்தால் டாக்டரால் தாண்டிப் போக முடியாது. காலையில் மகனிடமும் தனியாகப் பேசுவேன். "அப்பாவே கேக்கிறார் சார். நிலம் எழுதணும், யாரையாவது பாக்கணும்னு அவருக்கு இருக்கலாம்" என்றால் முக்கால்வாசிப் பேர் இறங்கி வருவார்கள். இந்த உரையாடலை எனக்கு யாரும் கல்லூரியில் நடித்துக் காட்டவில்லை. ஒரு சீனியர் அக்கா செய்வதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டேன்.


பதில்: இங்கிலாந்தில் ஒரு நர்ஸ்

நான் படித்தது வேலூர்ப் பக்கம், இப்போது இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை வார்டில் இருக்கிறேன். உங்கள் மாணவி அனுபவித்ததற்கு நர்சிங் எழுத்துகளில் பெயர் உண்டு. சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வருகிற வேதனையை மாரல் டிஸ்ட்ரெஸ் என்று ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984-இல் எழுதினார். இதை மாணவியிடம் சொல்லுங்கள். நான் பலவீனமானவள், இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். மனசாட்சி வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்த வலி வரும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். இங்கே ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்த புறக்கணிப்பு பற்றி 2013-இல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கையைப் படித்தால் நெஞ்சு பதறும். அங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவில், நோயாளி காத்திருந்த நேரத்தை நான்கு மணி நேரத்துக்குள் வருகிற மாதிரித் திருத்தி எழுதச் சொன்னார்கள் என்று ஹெலின் டோனலி என்ற நர்ஸ் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார். உடன் வேலை பார்த்தவர்களே அவரை மிரட்டினார்கள். உங்கள் வார்டு பி.பி. சார்டும் அந்தக் காத்திருப்பு நேரமும் ஒரே கதைதான். அதற்குப் பிறகுதான் குறை சொல்ல வருகிற ஊழியர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு மருத்துவமனைக் குழுமத்திலும் ஒருவரை நியமித்தார்கள்.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது இரண்டு. நாங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கும்போது, நடந்ததை நினைத்துப் பார்த்து எழுதிய ஐந்து குறிப்புகளைக் காட்ட வேண்டும். என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றேன், இனி எதை மாற்றுவேன் என்று ஒரு பக்கம். கேஸ் புக்கில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆனால் அதற்கு மார்க் போடாதீர்கள். மார்க் வந்தால் உண்மை வராது.

மற்றொன்று ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் பெயரில் ஆரம்பித்தது. டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர் என எல்லோரும் ஒரு மணி நேரம் உட்காருவோம். இரண்டு மூன்று பேர் தங்களை உறுத்திய ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். யாரும் தீர்வு சொல்லக் கூடாது, "நீ அப்படிச் செஞ்சிருக்கலாம்" என்று சொல்லவே கூடாது. ஒரு பெரிய சர்ஜன், "அந்தப் பையன் முகம் இன்னும் கனவில் வருகிறது" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிக் கேட்ட பிறகு, என் வார்டில் அவரிடம் சந்தேகம் கேட்க ஜூனியர்கள் தயங்குவதில்லை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிண்டா ரஷ்டன் குழுவினர் நர்சுகளுக்கு நடத்தும் பயிற்சியில் மன அமைதிப் பயிற்சி உண்டு, கூடவே நெறிமுறைச் சிக்கலை அலசுவதும், கடினமான உரையாடலை நடித்துப் பழகுவதும் உண்டு. ஆகவே உங்கள் நிர்வாகம் யோகா வைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதே மதியம் மதுரை சிஸ்டர் சொன்ன நடிப்புப் பயிற்சிக்கும் நேரம் வாங்கிவிடுங்கள்.


பதில்: டெல்டா டியூட்டர்

எல்லோருக்கும் நன்றி. டெங்கு எண்களை இன்று வகுப்பில் எழுதிக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவி, "நான் எழுதினதுல காய்ச்சல் கேஸ் மூணு பேர் மேடம்" என்றாள். அந்த மூன்று பேரும் நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதை ரிஜிஸ்டரில் பார்த்துச் சொன்னேன். அதன் பிறகுதான் அவளால் பேச முடிந்தது. இன்சார்ஜ் சிஸ்டரிடமும் போய்ப் பேசினேன். ஏழு மணி வைட்டல்ஸை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றதும் அவருக்கே ஆச்சரியம். "இத்தனை வருஷமா எந்த காலேஜும் கேட்டதில்ல" என்றார்.

வார்டு வேலை முடிந்து மாணவிகளோடு உட்காரும் வெள்ளிக்கிழமை போஸ்ட் கான்ஃபரன்சுக்குக் கேஸ் புக் வேண்டாம், பேசுவதற்கு மட்டும் என்று அறிவித்திருக்கிறேன். பிரின்சிபால் ஒரு மாதம் செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். சம்பளம், ஒப்பந்தம் பற்றிய வகுப்புக்கு இன்னும் அனுமதி வரவில்லை. விடமாட்டேன், திரும்பக் கேட்பேன்.

சிஸ்டரிடம் ஒரு கேள்வி. வீட்டுக்குப் போகிறேன் என்ற பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவளை இருக்கச் சொல்லி நான் வற்புறுத்தலாமா?


பதில்: மதுரை வார்டு சிஸ்டர் (ஓய்வு)

வற்புறுத்த வேண்டாம் தங்கச்சி. அப்பாவிடம், உங்கள் மகள் ஒரு நோயாளிக்காகக் கேள்வி கேட்டாள், அதற்குத் திட்டு வாங்கினாள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பெரும்பாலும் வீட்டில், படிக்க முடியாமல் பயந்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். போவதா இருப்பதா என்பதை அவள் சொல்லட்டும். இருப்பதாகச் சொன்னால், அடுத்த முறை அந்த வார்டுக்கு அவளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போய்ப் பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். போவதாகச் சொன்னால் சண்டை போடாமல், டி.சி.யை இழுத்தடிக்காமல் அனுப்பிவையுங்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், வெள்ளிக்கிழமை உட்காரும்போது அந்த வார்டு ஸ்டாஃபையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். வராவிட்டால் பரவாயில்லை. கூப்பிட்டது அவருக்குத் தெரிந்தால் போதும். பிரதர் தம்பியின் ராத்திரி உரையாடலையும் பிள்ளைகளை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா வேடத்துக்கு உங்கள் கல்லூரி பஸ் டிரைவரையோ வாட்ச்மேனையோ உட்காரவைத்தால் இன்னும் நல்லது. சொந்தக்காரர் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கும், கேள்வி நிஜமாக வரும்.